அத்தான் உண்ட இலை

பிறருடைய நிலத்தைக் கண்டு வயிறு எரிந்தவர்கள் உண்டு. பிறருடைய பிள்ளைகளைக் கண்டு எரிந்தவர்களும் உண்டு. என் அத்தானின் குரலைக் கண்டு நான் எரிந்தது எங்கள் தெரு முழுவதும் அறிந்த செய்தி. தெரு அறியாத செய்தி ஒன்று இருக்கிறது: ஒரு சாரல் காலத்தில் நான் அவருடைய சிறுநீரைக் கண்டும் பொறாமைப்பட்டேன். சந்நிதியில் நின்று பதிகம் ஓதிய வாயால் இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் எரிந்திருப்பீர்கள்.

அத்தான் என்றால் என் உடன்பிறந்த அக்காளின் கணவர். தென்காசிக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். பெற்றோர் மறைந்தபின் அக்காள் வீட்டிலேயே உண்டு உறங்கி வந்தேன். எனக்கு அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஓதும் கூட்டம் இருந்தது. மார்கழி விடியலில், உச்சி பிளந்து நிற்கும் கோபுரத்தின் அடியில் கூடி, மலைக்காற்று வேட்டியைப் பறிக்க, கோயிலை வலம் வந்து பாடுவோம். சாரல் காலத்து வெள்ளிக்கிழமைகளில் மேலகரம் வழியே குற்றாலத்துக்கு நடந்து, அருவியில் நீராடி, குற்றாலநாதர் திருமுன் ஓதுவோம். ஆண்டு முழுவதும் பாடுவதன் பயனெல்லாம் மார்கழித் திருவாதிரையில் வந்து முடியும். அன்று குற்றாலத்துச் சித்திரசபையின் முன்னே, ஆடவல்லானின் ஓவியம் உள்ளே ஆடிக்கொண்டிருக்க, வெளியே நாங்கள் நின்று பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாடுவோம். ஒருவர் அடியை எடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் அதை வாங்கி அவர் சொன்னபடியே திருப்பிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவருக்கு முதற்குரல் என்று பெயர். சம்பளம் இல்லை, மாலை இல்லை. ஆனால் அந்த ஒரு நாள், அந்த ஓவியத்துக்கு முன்னால், மௌனத்தை உடைக்கும் முதல் ஒலி அவருடையது.

எங்கள் முதற்குரல் முதியவர். எல்லாரும் அவரைப் பெரியண்ணாச்சி என்போம். பற்கள் போனபின் அவருடைய சொற்கள் காற்றில் கரையத் தொடங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசியில், "வாற திருவாதிரைக்கு வேற ஆளு எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் என்றால் இருவர்தாம்: ஒருவர் அத்தான், மற்றவன் நான்.

கூட்டத்தில் வழிவழியாக ஒரு முறை இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் அடியார் உண்டு எஞ்சிய மிச்சிலை ஒருவர் உண்டால், அதன்பின் அவர் அந்த அடியாருக்கு முன்னால் அடியெடுக்க மாட்டார். மிச்சில் உண்டவர் ஆட்பட்டவர். பெரியண்ணாச்சியே இளமையில் தமக்கு முந்தைய முதற்குரலின் இலையில் உண்டவர். அந்த மனிதர் உயிரோடிருந்த காலமெல்லாம் இவர் பின்பாட்டுத்தான் பாடினார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்று வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராமல் போவது கற்றவர்களுக்கே உரிய வரம்.

அத்தானுக்குப் பதிகத்தின் பொருள் தெரியாது. கேள்வியால் பாடம் செய்தவர். சொல்லைப் பிரிக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பார், சேர்க்க வேண்டிய இடத்தில் மூச்சு விடுவார். ஓரிடத்தில் இறைவன் 'அருளினான்' என்று இருப்பதை வாழ்நாள் முழுவதும் 'அருகினான்' என்றே பாடினார். நான் ஒவ்வொரு சொல்லுக்கும் உரை சொல்வேன். பண் எது, சந்தக் கட்டளை எது என்று பிரித்துக் காட்டுவேன். ஆனால் அவர் வாயைத் திறந்தால் மாடுகளும் அசை போடுவதை நிறுத்தும். நான் பாடினால் தலையாட்டுவார்கள். அவர் பாடினால் கண் துடைப்பார்கள். தலையாட்டலுக்கும் கண்ணீருக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பார்த்தவன் என்னைப்போல் வேறொருவன் இருக்கமாட்டான்.

குரலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த ஆடி அமாவாசைக்குக் கூட்டம் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிவரை ஏறிற்று. ஏறும்போதும் பாட்டு நிற்கக்கூடாது. பாதி வழியில், ஈரப்பாறைகளுக்கிடையே, என் மூச்சு அறுந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்த அத்தான் என்னைக் கடந்து, அடியை விடாமல் பிடித்து, ஓரிடத்தில் மூச்சு வாங்கும் இடைவெளியில் திரும்பிச் சொன்னார்:

"பாட்ட நான் பிடிச்சிருக்கேன் மாப்ளே. நீரு மெல்ல வாரும்."

கேலி ஒரு துளியும் இல்லை அதில். அதனால்தான் அது இன்றுவரை எரிகிறது.

இத்தனைக்கும் என்னைவிட மூத்தவர், உடலும் கனத்தவர். உணவோ இருவருக்கும் ஒன்று. அக்காள் ஒரே அடுப்பில், ஒரே பானையில் சமைத்தாள். ஆண்டு முழுவதும் மாலையில் இருவருக்கும் ஒரே கஷாயத்தைத்தான் கொடுத்தாள்: கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல், மாதுளை ஓடு, நெல்லிவற்றல், ஒரு துண்டு சுக்கு. நாக்கை இழுத்து மேலண்ணத்தில் ஒட்டவைக்கும் துவர்ப்பு. அதைக் குடித்தால் கால் தளராது, மூச்சு வாங்காது என்பது அக்காளின் உறுதி. அத்தானுக்கு அது பலித்தது என்று வீடே சொல்லிற்று. எனக்கு வயிறு கட்டியதுதான் மிச்சம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில இருந்துதான் ஊத்துதேன். உனக்கு மட்டும் வேறயா கலக்குதேன்?" என்பாள் அக்காள், நான் முகம் சுளித்தால்.

"அவருக்கு ஊத்தும்போது மனசையும் சேர்த்து ஊத்துதே போல."

"ஏலே, இந்த வாய்க்குத்தான் உனக்குச் செரிக்க மாட்டேங்கு."

அந்தச் சாரலில் எங்கள் மாடியறையை ஓர் ஆசிரியர் வாடகைக்கு எடுத்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவர். குற்றாலத்தில் சாரல் கால வாடகை தமக்குக் கட்டுப்படியாகாது என்று தென்காசியில் தங்கி, நாள்தோறும் பேருந்தில் போய் அருவியில் குளித்து வந்தார். குளிக்க வந்தவர் குளித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் ஒரு மரப்பெட்டியில் கண்ணாடி ஜாடிகளும் வடிதாள்களும் மூக்கைத் துளைக்கும் திரவங்களும் கொண்டுவந்திருந்தார். உண்ணும் உணவில் உள்ள துவர்ப்பு உடலுக்குள் என்னவாகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. விடுமுறையிலும் அதை விட மனமில்லை. அக்காளின் கஷாயத்தை ஒருநாள் அவருக்கும் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்தவர், கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, இதை வீட்டில் எல்லாரும் தினமும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

குடிக்கிறோம் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் புதையல் கண்டவரிடத்தில்தான் பார்க்க முடியும். மறுநாள் காலையில், மூடியிட்ட கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டைக் கொண்டுவந்து, எங்கள் சிறுநீர் வேண்டும் என்றார்.

எனக்கு உடல் கூசிற்று. காலையில் குளித்து, நீறணிந்து, ஓத உட்காரப்போகும் வேளை. அத்தானோ பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கடைக்காரர் பார்வையில், "நல்ல கண்ணாடி சார்! எங்கன வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் கொடுத்துவிட்டதால் நானும் கொடுக்க வேண்டியதாயிற்று.

சில நாள் கழித்து ஆசிரியர் என்னை மாடிக்கு அழைத்தார். சன்னல் ஓரத்தில் கயிறு கட்டி, துணி உலர்த்துவதுபோல் நீண்ட தாள்களைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு துளி சிறுநீரை வைத்து, ஜாடியில் திரவம் மெல்ல ஏறும்படி நிறுத்தினால், அதில் கலந்துள்ள பொருள்கள் தனித்தனியே பிரிந்து வெவ்வேறு உயரத்தில் தங்குமாம். பின்பு மருந்து தெளித்தால் நிறம் காட்டுமாம். ஒரு தாளில், நெற்றியில் வைத்ததுபோல், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டு தெளிவாக இருந்தது. மற்றொரு தாளில் அதே இடம் வெறுமையாக இருந்தது.

"இது யாருடையது சார்?" என்று பொட்டைக் காட்டிக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அத்தானுடையது. உங்களுடையது இது."

"கஷாயம் நானும்தானே குடிக்கிறேன்?"

"நீங்க குடிச்சதுல குறை இல்லை" என்றார் அவர். "கடுக்காயில இருக்கிற துவர்ப்பு பெரிய உருப்படி. குடலோட சுவரைத் தாண்டி அப்படியே ரத்தத்துக்குள்ள போகாது. செங்கோட்டைப் பக்கம் லாரியில மரம் வருதே, அந்த முழு மரத்தை வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியுமா? அறுவை மில்லுல போட்டு அறுத்துப் பலகை ஆக்கினாத்தான் வீட்டுக்கு உதவும். பெருங்குடல்ல கோடிக்கணக்கான கிருமிங்க குடியிருக்கு. அதுல சில வகைதான் இந்தத் துவர்ப்பை அறுக்கும். அறுத்த துண்டு ரத்தத்துல கலந்து, ஈரலுக்குப் போய், உடம்பெல்லாம் சுத்தி, கடைசியில சிறுநீர்ல இறங்கும். அந்தத் துண்டுதான் இந்தப் பொட்டு. உங்க வயித்துல அந்த அறுவை மில் இல்லை போலிருக்கு. முழு மரம் வந்த வழியே போயிடுது."

"அது ஏன் எனக்கு மட்டும் இல்லை?"

அவர் என் நோய் வரலாற்றைக் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் டைபாய்டு கண்டு சாகக் கிடந்ததையும், புதிதாக வந்திருந்த ஒரு மருந்து பிழைக்க வைத்ததையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். காய்ச்சல் கிருமியைக் கொன்ற மருந்து, கூடவே குடியிருந்த நல்ல கிருமிகளையும் விசாரிக்காமல் கொன்றிருக்கலாம். அல்லது எனக்குப் பிறவியிலேயே அவை இல்லாமல் இருந்திருக்கலாம். உறுதியாகத் தமக்குத் தெரியாது என்றார். அந்தத் துண்டுதான் அத்தானுக்கு மூச்சையும் காலையும் கொடுத்தது என்றும் சொல்ல முடியாது, அதற்குச் சான்று இல்லை என்றார். இந்த இரண்டாவது வாக்கியம் என் செவியில் ஏறவில்லை.

இறைவன் உள்ளத்தைக் கோயிலாகக் கொண்டு குடியிருக்கிறான் என்று நான் ஆயிரம் முறை ஓதியிருப்பேன். அந்தக் கோயிலின் கீழ்த்தளத்தில் இத்தனை கோடிக் குடிகள் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு வந்தவை சோம்பேறிகள். அத்தானுக்கு வந்தவை இரவுபகல் உழைப்பவை. குரலை அவருக்குக் கொடுத்தாய், நெஞ்சை நிறைக்கும் மூச்சைக் கொடுத்தாய், என் அக்காளையும் கொடுத்தாய்; கழிவு சேரும் குடலில்கூடவா அவருக்கென்று தனி அருள் என்று சந்நிதியில் நின்று கேட்டேன். விபூதி வாங்க வந்தவர்கள் நான் உருகி நிற்பதாக எண்ணி விலகி வழிவிட்டார்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அக்காள் என் இரத்தம். ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் நாங்கள். அவளுக்கும் பொட்டு இராது. எங்கள் குடும்பத்து உடல்வாகு அது என்று சொல்லி அமைதி கொள்ளலாம். அக்காளையும் சோதித்துப் பாருங்கள் என்று ஆசிரியரிடம் நானே கேட்டேன்.

"சீ, போங்க அங்கிட்டு! பொம்பளைகிட்டக் கேக்குத காரியமா இது?" என்று அக்காள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அத்தான் விடவில்லை. "பாத்திரக் கடைக்காரன் பொண்டாட்டி ஒரு பாட்டிலுக்கு இப்படி வெக்கப்பட்டா எப்படி? சார் என்ன, வீட்டு வாசல்லயா வச்சு வேடிக்கை காட்டப்போறாரு?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. தெருவுல தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியுமா?"

"தெரிஞ்சா, நம்ம வீட்டுக் கஷாயம் மெட்ராஸுக்குப் போகுதுன்னு சொல்லிருவோம்."

அவள் சிரித்துவிட்டாள். அவரால் மட்டுந்தான் அவளை அப்படிச் சிரிக்கவைக்க முடியும். பாட்டில் மாடிக்குப் போயிற்று.

மூன்றாவது தாளையும் ஆசிரியர் அதே கயிற்றில் தொங்கவிட்டார். அக்காளின் தாளில் பொட்டு இருந்தது. அத்தானுடையதைவிடச் சற்று வெளிறிய நிறம், அதே உயரம், அதே இடம்.

மணம் முடிந்து போன பெண் புகுந்த வீட்டாள் ஆகிவிடுகிறாள் என்பது உலக வழக்கு. பெயர் மாறும், குலதெய்வம் மாறும். குடல்கூடவா மாறும்? என்னை இடுப்பில் சுமந்த அக்காள், உள்ளுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவருடையவள் ஆகிவிட்டாள். நான் மட்டும் எங்கள் தாய் வீட்டின் கடைசி ஆளாய், வெறுந்தாளோடு நின்றேன்.

"இவளுக்கு எப்படி வந்தது?"

"முதல்லேயே இருந்திருக்கலாம். இல்லை, ஒரே வீட்டில பல வருஷம் சேர்ந்து வாழ்றவங்ககிட்ட ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகும்னு நினைக்கிறாங்க. வாய் வழியா, கை வழியா, சாப்பாடு வழியா. இதெல்லாம் ஊகம்தான்."

நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனால் நான் காய்ச்சலில் எழுந்த நாள்முதல் கடுமையான ஆசாரக்காரன். கொதித்து ஆறிய நீர், தனிச் செம்பு, தனி வெண்கலத் தட்டு. அக்காளைத் தவிரப் பிறர் கை பட்டதை உண்ணமாட்டேன். அத்தானோ சிற்றாற்று நீரைக் கையால் அள்ளிக் குடிப்பார். யார் வீட்டுப் பிரசாதமானாலும் நக்கித் துடைப்பார். அக்காளுக்கு வந்த வழி எது என்று மாடிப்படி இறங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மதியம் அத்தான் உண்டு எழுந்தபின், அந்த இலையை எடுக்காமல், அதிலேயே சோறு இட்டுக்கொண்டு அவள் உண்பாள். எங்கள் பக்கத்தில் அன்று மனைவியர் பலருக்கும் அதுவே வழக்கம். அவளுக்கென்றே அத்தானும் ஒரு பிடி தயிர்ச்சோற்றை ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்.

திருவாதிரைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மூச்சு வந்துவிட்டால் முதற்குரல் எனக்கு. மூச்சு வர வேண்டுமானால் அறுவை மில் வர வேண்டும். அது இருக்கும் இடம் வீட்டுக்குள்ளேயே, ஒரு வாழையிலையில் இருந்தது.

புரட்டாசி பிறந்த அன்று, அத்தான் கைகழுவிக் கடைக்குப் புறப்பட்டதும், பள்ளியிலிருந்து உண்ண வந்த நான் என் வெண்கலத் தட்டை ஒதுக்கிவிட்டு அந்த இலையின் முன் உட்கார்ந்தேன்.

"அக்கா, இதுலயே சோறு போடு."

அவள் அகப்பையோடு நின்றாள். "இது அவுக சாப்பிட்ட எலைலே."

"தெரியும். போடு."

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்ல என்னால் முடியுமா? "இனிமே அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். அவள் வேறு கேட்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு சோறு போட்டாள். இலையில் அத்தான் ஒதுக்கிய தயிர்ச்சோற்றில் அவருடைய விரல்தடம் இருந்தது; பாதி கடித்த மோர்மிளகாய் ஒன்று கிடந்தது. அதையும் உண்டேன். நான் எழுந்தபின் அக்காள் அதே இலையில் உட்கார்ந்தாள். இருவரும் உண்ட இலையில் மூன்றாவதாக.

புரட்டாசி முழுவதும் இப்படியே நடந்தது. வாழையிலையால் கிருமி குடிபெயருமா என்று இன்றுவரை எவரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. இப்போது பத்திரிகைகளில் எல்லாம் குடல் கிருமியைப் பற்றி எழுதுகிறார்கள். மாதுளையும் கடுக்காயும் ஒருவருக்குப் பயன்பட்டு இன்னொருவருக்குப் பயன்படாததற்கு அவை ஒரு காரணம் என்கிறார்கள். இலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆனால் ஐப்பசித் திருவிழாவுக்குக் குற்றாலம் நடந்தபோது என் மூச்சு நீண்டிருந்தது. நடந்து பழகியதால் இருக்கலாம், நம்பிக்கையால் இருக்கலாம். மேலகரம் தாண்டியும் அடியை விடாமல் பிடித்தேன். பெரியண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் எத்தனை மோர்மிளகாய் வேண்டுமானாலும் தின்றிருப்பேன்.

கார்த்திகையில் ஒரு மாலை, விளக்கேற்றும் வேளையில், பெரியண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தார் சிலரும் உடன் வந்திருந்தனர். கூடத்தில் பாய் விரித்தோம். எதற்கு வந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் தொடங்குவதற்குள் அத்தான் தொடங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடக் கூடாது. எனக்குத் தொண்டைதான் இருக்கு. மாப்ளைக்கு அர்த்தம் தெரியும். இப்பம் மூச்சும் நல்லா நிக்கி. அவரே எடுக்கட்டும்."

நான் விரும்பியதை எனக்குத் தூக்கிக் கொடுப்பதிலும் அவரே முந்திக்கொண்டார். பெருந்தன்மையிலும் அவருக்குத்தான் முதற்குரல்.

பெரியண்ணாச்சி பொக்கை வாயால் சிரித்தார். "நானும் அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லு பிசகாம எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும். இந்த வருசம் வாத்தியாரு எடுக்கட்டும்."

எழுந்து வணங்கப் போனேன். அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்த அக்காள் அப்போது வாய் திறந்தாள். அவ்வளவு பேர் நடுவே அவள் பேசி நான் கேட்டதில்லை. அவள் குரல் நடுங்கிற்று, பெருமையால்.

"அண்ணாச்சி, இவன் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான். எங்கிட்டயும் காரணம் சொல்லல. புரட்டாசி மாசம் பூராவும் தம்பி அவுக சாப்பிட்ட எலையிலதான் சாப்பிட்டான். அவுகளுக்கே தெரியாது. இவன் மனசு இப்படின்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்."

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "ஏம்வே மாப்ளே, எங்கிட்டச் சொல்லல?" என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரியண்ணாச்சி தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்படி ஒரு பணிவ இந்தக் கூட்டத்துல நான் பார்த்து எத்தனையோ வருசமாச்சு" என்றார். "நெசமாவா வாத்தியாரே? அவரு மிச்சில் உண்டீரா?"

கூட்டத்தின் முறை அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. இல்லை என்று சொன்னால் அக்காள் பொய் சொன்னவளாவாள். கிருமிக்காக உண்டேன் என்று சொன்னால் சிறுநீர்ப் பாட்டில்வரை சொல்ல வேண்டும்.

"உண்டேன்" என்றேன்.

"அப்பம் முடிஞ்சு போச்சு" என்றார் பெரியண்ணாச்சி, பெருமகிழ்ச்சியோடு. "அவரு எடுக்கட்டும். நீரு பின்னால வாங்கும். இதவிட ஒமக்கு என்ன பெரும வேணும்?"

திருவாதிரையன்று சித்திரசபை முன்னே அத்தான் நின்றார். அவருக்கு வலப்பக்கம், ஓரடி பின்னால், நான். பனியில் அருவியின் இரைச்சல் தள்ளிக் கேட்டது. அத்தான் கண்ணை மூடி முதலடியை எடுத்தார். கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. நான் விரும்பிய ஒலி, நான் விரும்பிய இடத்தில், வேறொரு தொண்டையிலிருந்து எழுந்தது. பின்பாட்டு பாடுபவன் முதற்குரல் சொன்னதைச் சொன்னபடியே திருப்ப வேண்டும். அந்த அடி வந்தபோது, அவர் வழக்கம்போல் 'அருகினான்' என்றார். ஆடவல்லானின் திருமுன், இலக்கணம் கற்ற நான், உரத்த குரலில், முழு மூச்சோடு, 'அருகினான்' என்று பாடினேன்.

மூச்சு அறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த சாரலில் மாடியறைக்கு அதே ஆசிரியர் வந்தார். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். "போன வருஷம் உங்க தாள் காலியா இருந்ததே, இப்போ எப்படின்னு பார்த்திடலாமா?" என்று கேட்டார்.

பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டேன். பொட்டு வந்திருந்தால் அது அத்தான் எனக்கு இட்டது. என் உடலுக்குள்ளும் அவர் குடியேறிவிட்டார் என்று பொருள். வராமலிருந்தால், ஒரு மாதம் அவர் எச்சிலை உண்டு, முதற்குரலையும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நிற்கிறேன் என்று பொருள். இரண்டில் எதைக் கேட்கவும் என்னிடம் தெம்பில்லை.

"குடேம்லே, என்னதான் இருக்குன்னு பாத்துருவோமே" என்றாள் அக்காள். ஓராண்டில் அவளுக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஓதப் போகணும்" என்று சொல்லிப் பாட்டிலை வெறுமையாகவே ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முகம் வாடிற்று. அதைக் கண்ட அத்தான், "இதுக்கு ஏன் சார் வருத்தப்படுதீங்க, இங்கன கொடுங்க" என்று எனக்கென்று வந்த பாட்டிலையும் தம்முடையதோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, முதலடியை முணுமுணுத்தபடி கொல்லைப்பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தார்.